நம் கரைப் பாட்டில்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? போன தடவை நான் அங்கே வந்திருந்தபோது அண்ணனின் வலது கையில் விரல் இடுக்கெல்லாம் சிவந்து கிடந்தது. கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சோப்பு ஒத்துக்கல" என்றார். படகுப் பட்டறை மேஸ்திரி என்றைக்குக் கைக்குச் சோப்புப் போட்டார் என்று எனக்கு அப்போதே சந்தேகம். கை எப்படி இருக்கிறது என்று அவசியம் எழுதுங்கள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று சிரிப்பீர்கள். வீட்டுச் சுவரை ஒட்டிப் பட்டறை. உங்களோடு போனில் பேசினால் பாதி உங்கள் குரல், பாதி படகைச் சுரண்டும் இயந்திரத்தின் குரல். தவிர, நான் கேட்கப்போகும் உதவியை அவ்வப்போது எடுத்துப் படித்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும்.

எங்கள் ஆய்வகத்தில் பாறை நத்தைகளைப் பற்றி ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். கடலோரப் பாறையில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். இது மற்ற நத்தைகளைப்போல் குஞ்சுகளைத் தண்ணீரில் மிதக்கவிடாது. பாறையிலேயே சின்னப் பைகளில் முட்டை வைக்கும். குஞ்சு வெளியே வந்து அதே பாறையில் ஊர்ந்து, அங்கேயே கிழடாகி, அங்கேயே சாகும். நடுவில் மணல் வந்தால் தாண்டாது. அதனால் ஒவ்வொரு கரை நத்தைக்கும் மரபணுவில் ஒரு தனிச் சாயல் இருக்க வேண்டும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மூக்கு இருப்பதைப்போல. எங்கள் வீட்டு மூக்கைப் பற்றி நீங்கள் கல்யாணமான புதிதில் சொன்னதை நான் மறக்கவில்லை.

மொத்தம் ஐந்து கரைகள். மூன்றுக்கு ஆள் இருக்கிறார்கள். மீதி இரண்டுக்கும் நீங்கள்தான் எனக்குக் கதி. ஒன்று நம் கரை. இன்னொன்று உங்கள் அம்மா வீடு இருக்கும் வடக்குக் கரை. இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் அரை நாள் தூரம் வெறும் மணல். பாட்டிலுக்கு இருபது நத்தை போதும். போட்டதும் ஸ்பிரிட்டை ஊற்றி மூடிவிடுங்கள். எந்தக் கரை, என்ன தேதி என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

நம் கரைக்கு நீங்கள் சிரமப்படவே வேண்டாம். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் பாறையில் நான் படிக்கிற காலத்தில் குனிந்த இடத்தை விட்டு நகராமல் ஒரு பாட்டில் நிரப்பினேன். அது இன்னும் என் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது.

அன்பு நாத்தனார்

*

பிப்ரவரி 20

அன்பு வாலுக்கு,

அண்ணி எழுதுவது. வாய் அப்படியே இருப்பதால் நீ நலம் என்று தெரிகிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உன் புண்ணியத்தில் அம்மா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன். கடல் உள்வாங்கியிருந்த நேரமாகப் பார்த்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாறைக்குப் போனேன். அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குடி இது? திங்கவா?"

"படிக்கம்மா."

"நத்தையப் படிச்சா என்ன வரும்?"

"என் நாத்தனாருக்கு டாக்டர் பட்டம் வந்திருக்கே."

"அப்படியா? நான் பொறந்ததுலேர்ந்து இதுங்கள மிதிச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் தரலையே!"

பாறை முழுக்க நத்தை. ஒட்டியிருப்பதைப் பிய்க்கத்தான் பாடு. கத்தி முனையால் நெம்பினேன். ஒன்று சட்டென்று விடுபட, நான் பின்னால் சாய்ந்து குட்டைத் தண்ணீரில் உட்கார்ந்தேன். அம்மா தூக்கிவிடவில்லை. சிரித்து முடிக்கவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. புடவையெல்லாம் பாசி. அதற்கு உன் ஆய்வகத்தில் ஏதாவது மருந்து இருந்தால் அனுப்பு.

நம் கரைப் பாட்டிலும் அதே பெட்டியில் இருக்கிறது. வைக்கோல் சுற்றி அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். அங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த எல்லோரிலும் அண்ணனின் வலது கை சேர்த்தியா என்று தெரியவில்லை. அதைத் தனியாக எழுதுங்கள்.

பாட்டில்கள் உடையாமல் வந்தன. முடிவுகள் போன வாரம் கிடைத்தன. மற்ற மூன்று கரைகளும் நான் நினைத்தபடியே ஒன்றுக்கொன்று வேறு வேறு. ஆனால் நீங்கள் அனுப்பிய இரண்டும் ஒன்று. கிட்டத்தட்ட ஒன்று என்றுகூடச் சொல்ல முடியாது, அச்சு அசலாக ஒன்று. இயந்திரத்தில் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதேதான். நடந்து தாண்ட முடியாத மணலை இந்த நத்தைகள் எப்படித் தாண்டின?

எங்கள் ஆய்வகத் தலைவியைப் பெரிய மேடம் என்போம். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க அண்ணி ரெண்டு பாட்டிலையும் ஒரே பாறையில நிரப்பிட்டாங்க போலிருக்கே" என்றார். இல்லை மேடம் என்று நான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதை அவரும் கவனித்தார்.

அண்ணி, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வடக்குக் கரைக்குப் போன நேரத்தில் மழை பிடித்திருக்கலாம், தண்ணீர் ஏறியிருக்கலாம், பாட்டில் காலியாகவே திரும்பியிருக்கலாம். வந்தபின் வீட்டுக்குப் பின்னால் இருப்பதைப் போட்டு நிரப்பியிருந்தால் சொல்லிவிடுங்கள். யாருக்கும் நடக்கக்கூடியதுதான். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அன்பு நாத்தனார்

*

ஏப்ரல் 22

வாலுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று எழுதிவிட்டு எல்லாவற்றையும் நினைத்திருக்கிறாய். அம்மா வீட்டுக்குப் போக ஒரு சாக்குக் கிடைக்காதா என்று வருஷம் முழுக்கக் காத்திருக்கிறவள் நான். கிடைத்த சாக்கை விட்டுவிட்டு வீட்டுக் கொல்லையில் நத்தை பொறுக்க எனக்கென்ன பைத்தியமா? குட்டையில் விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது இன்னும் விடவில்லை. அதுவும் நான் கட்டிவிட்ட கதையா?

வடக்குக் கரை என்று சீட்டில் எழுதியது வடக்குக் கரை நத்தைதான். உன் பெரிய மேடத்தின் முன்னால் வந்து நின்று சொல்லச் சொன்னாலும் சொல்வேன். என் அம்மா சாட்சி.

நான் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். முன்பு உன் அண்ணன் கால் உடைந்தபோதுகூட "அண்ணனைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியில் முடித்தவள் நீ. இப்போது மட்டும் கை எப்படி, கை எப்படி என்று ஏன் துளைத்து எடுக்கிறாய்? யார் கேட்கச் சொன்னார்கள்? பட்டறையைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்று இங்கே ஒரே பேச்சு. அதைக் கெடுக்க நாலு பேர் அலைகிறார்கள் என்றும் பேச்சு. அந்த நாலு பேருக்கு நீயும் வேண்டியவளா? உன் அண்ணன் சோறு அந்தப் பட்டறையில்தான் வேகிறது. நாங்கள் இருக்கும் வீடும் முதலாளியுடையது. மறந்துவிடாதே.

அண்ணி

*

மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் இடுப்பு தேவலையா? அண்ணன் கையைப் பற்றிக் கேட்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தங்கைக்கு அந்த உரிமைகூட இல்லையா?

ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி உண்மையாகிவிட்டது. பட்டறையைப் பெரிதாக்க அனுமதி கொடுக்கலாமா என்று அரசாங்கத்தில் எங்கள் நிறுவனத்திடம் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். ஐந்து கரை வேலை ஏற்கெனவே நடப்பதால் அதையே அதில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. தலையில் வந்து விழுந்தது.

விஷயம் இதுதான். படகின் அடியில் பாசி பிடிக்காமல் இருக்கப் பெயிண்ட் அடிக்கிறார்களே, அதில் ஒரு வகையில் தகரம் கலந்த நஞ்சு உண்டு. அந்தப் பெயிண்ட் விற்கவே கூடாது என்று தடை இருக்கிறது. அது தண்ணீரில் கலந்தால் முதலில் அடிபடுவது இந்தப் பாறை நத்தைதான். பெண் நத்தைக்கு ஆண் உறுப்பு முளைக்கும். முட்டை வெளியே வரும் வழி அடைபட்டுவிடும். பிறகு குஞ்சு ஏது?

சந்தோஷமான செய்தி, நீங்கள் அனுப்பிய நம் கரைப் பாட்டிலில் அத்தனை பெண் நத்தையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கின்றன. "பட்டறைக்கு இவ்வளவு பக்கத்துலயா?" என்று பெரிய மேடமே நம்பவில்லை. எங்கள் அண்ணன் மேஸ்திரியாக இருக்கும் இடம் அப்படித்தான் இருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். இது அறிக்கையில் போனால் அனுமதி கிடைத்துவிடும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. போன வாரம் பட்டறை முதலாளி பெரிய மேடத்துக்குப் போன் செய்து, "எங்க கரை நத்தை பாட்டில் வந்துடுச்சாமே, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். பாட்டிலைப் பற்றித் தெரிந்தது உங்களுக்கும் எனக்கும்தான். அவருக்கு யார் சொன்னது?

எதற்கும் வடக்குக் கரையிலிருந்து இன்னொரு பாட்டில் வேண்டும். பாறையில் நின்று ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாத்தனார்

*

ஜூலை 3

வாலுக்கு,

நலம்.

கேட்ட பாட்டில் இதோடு வருகிறது. போட்டோவும் இருக்கிறது. இடுப்பில் கை வைத்து முறைப்பது அம்மா. "எம் பொண்ணு மேல சந்தேகப்படுறவ மூஞ்சிய நான் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். அந்த முறைப்பு உனக்குத்தான். பின்னால் தெரியும் உடைந்த கலங்கரை விளக்கம் வடக்குக் கரையைத் தவிர வேறெங்கும் இல்லை. போதுமா?

முதலாளியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன் அண்ணன் சொன்னாரா என்பதை உன் அண்ணனையே கேள்.

நம் கரை நத்தைகள் நன்றாக இருப்பதாக அறிக்கையில் எழுதிவிட்டாயா, இல்லை இனிமேல்தானா? அதை மட்டும் உடனே எழுது.

அண்ணி

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். முதலில் மன்னிப்பு. உங்கள் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். புதிய பாட்டிலும் பழைய வடக்குக் கரைப் பாட்டிலும் ஒத்துப்போகின்றன. நீங்கள் சொன்னது நிஜம். வடக்குக் கரை நத்தை வடக்குக் கரை நத்தைதான். உங்களை நான் சந்தேகப்பட்டது தப்பு என்று பெரிய மேடத்திடமும் சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தபின்தான் எனக்கு உறைத்தது. வடக்குக் கரை சரி என்றால், சந்தேகப்பட வேண்டிய பாட்டில் ஒன்றுதானே மீதி?

கண்ணுக்கு எட்டாத கரையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வாசலில் இருக்கும் கரையைப் பற்றி நினைக்கவே தோன்றவில்லை. நாலு எட்டு வைத்தால் பாறை. அதற்கு யாராவது பொய்ப் பாட்டில் அனுப்புவார்களா?

அலமாரியில் கிடக்கும் பழைய பாட்டிலைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? பட்டறைக்குப் பின்னால் நானே என் கையால் எடுத்தது. அதை வெளியே எடுத்துத் துடைத்து, உள்ளே இருந்த நத்தைகளையும் சோதித்தேன். அவை முற்றிலும் வேறு. வடக்குக் கரையோடும் ஒட்டவில்லை, நீங்கள் அனுப்பிய நம் கரைப் பாட்டிலோடும் ஒட்டவில்லை. நம் கரைக்கென்று ஒரு சாயல் இருந்திருக்கிறது. நீங்கள் அனுப்பியதில் அது இல்லை.

அண்ணி, நம் கரைப் பாட்டிலை எங்கே நிரப்பினீர்கள்?

உங்கள் கேள்விக்குப் பதில், இன்னும் எழுதவில்லை. அண்ணன் கை எப்படி இருக்கிறது?

நாத்தனார்

*

செப்டம்பர் 20

அண்ணிக்கு,

போன கடிதம் கிடைத்திருக்கும். பதிலைக் காணோம். போன் செய்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் அண்ணனே கூப்பிட்டார். வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். குரல் கரகரவென்று இருந்தது. "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றேன். "லைன் சரியில்ல" என்று வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நான் வெளிப்படையாகவே எழுதுகிறேன். என் மனசு எங்கெங்கோ போகிறது. முதலாளி சொல்லித்தான் அந்தப் பாட்டிலை நிரப்பினீர்களா? அண்ணனுக்குப் பதவி ஏதாவது தருகிறேன் என்றாரா? நான் இவ்வளவு மட்டமாக நினைக்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் வாயைத் திறக்காதவரை நான் வேறு எதை நினைப்பது?

அக்டோபர் கடைசியில் அறிக்கை போயாக வேண்டும். அந்தப் பாட்டிலை நம்பி எழுதினால் பட்டறை மூன்று மடங்கு ஆகும். நாளைக்கு வேறு யாராவது வந்து பாறையைப் பார்த்தால், வேலையும் போய் என் பெயரும் நாறிவிடும். நம்பாமல் எழுதினால், ஏன் என்று கேட்பார்கள். அப்போது சொந்த அண்ணியின் பெயரைத்தான் நான் சொல்ல வேண்டும். என்னை இப்படி நடுவில் நிறுத்திவிட்டு எப்படித் தூங்குகிறீர்கள்?

நாத்தனார்

*

செப்டம்பர் 29

வாலு,

அண்ணன். நான் நல்லா இருக்கேன். பேனா பிடிக்கச் சோம்பல். அதான் சுருக்கமா.

அண்ணியைக் கேள்வி கேட்காதே. அவள் மேல் தப்பில்லை. பாட்டில் வந்ததுன்னு முதலாளிகிட்ட சொன்னது நான்தான். அவர் கேட்டார், சொன்னேன்.

ஒரு நத்தைக்காக இவ்வளவு வேண்டாம். வந்த பாட்டிலை வைத்து எழுதிவிடு. பட்டறையை நம்பி நிறையப் பேர் இருக்கிறோம்.

அண்ணன்

*

அக்டோபர் 12

அன்பு வாலுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்கிறேன். நாங்கள் நலம் என்று இந்தத் தடவை எழுதவில்லை.

உன் அண்ணன் எழுதிய கடிதத்தில் எழுத்து கோணலாக இருந்திருக்குமே, கவனித்தாயா? அது இடது கை. வலது கையால் அவர் ஒரு ஸ்பூனைக்கூடப் பிடித்துப் பல நாள் ஆகிறது. அந்தக் கடிதத்தை என்னைத்தான் எழுதச் சொன்னார். "நான் ஒரு பொய்ய பாட்டில்ல போட்டு அனுப்பிட்டேன், இன்னொண்ண கவர்ல போட மாட்டேன்" என்றேன். கோபித்துக்கொண்டு தானே எழுதினார்.

ஜனவரியில் உன் கடிதம் வந்த மறுநாளே பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். நீ குனிந்த இடத்தில் நானும் குனிந்தேன். ஒன்றுமில்லை. கல்லைப் புரட்டினேன், சந்துகளில் கையை விட்டேன். வெறும் கூடு, அதற்குள் மணல். பாறை முழுக்கச் சொட்டையாக இருந்தது. இத்தனை வருஷம் அதே பாறை மேல்தான் துணி காயப்போட்டேன். நத்தை இல்லை என்பதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். "எங்கேர்ந்தாவது போட்டு அனுப்பிடு. இல்லைன்னு எழுதினா அவ ஏன்னு கேப்பா. அவ ஏன்னு கேட்டா விடமாட்டா" என்றார். அம்மா வீட்டுப் பாறையில் ஒன்றுக்கு இரண்டாக நிரப்பினேன். உன் பெரிய மேடம் முதல் நாளே சரியாகச் சொல்லிவிட்டார், பாறைதான் மாறிப்போனது. நீ வடக்குக் கரையைச் சந்தேகப்பட்டு எழுதியபோது எனக்கு வந்த கோபம் நிஜம். நிஜத்தைச் சொல்லிக்கொண்டே பொய்யை மறைக்க அது வசதியாகவும் இருந்தது.

பெயிண்ட் பெயர் எழுதாத டப்பாக்களில் வருகிறது. எங்கிருந்து என்று யாரும் கேட்பதில்லை. அதை அடித்தால் படகுக்குப் பாசி பிடிக்காது, அதனால் படகுக்காரர்கள் தேடி வருகிறார்கள். மற்றவர்கள் அடித்தால் திட்டுத் திட்டாக நிற்கிறது என்று உன் அண்ணன் தானே பிரஷ்ஷை எடுத்துக்கொள்வார். கையுறை போட்டால் பிரஷ் பேசாது என்பார். முதலில் சிவந்தது. அப்புறம் கொப்புளம். இப்போது தோல் உரிந்து, விரல் மடங்கவில்லை. கண்ணில் தண்ணீர், நெஞ்சில் எரிச்சல். நான்தான் ஊட்டிவிடுகிறேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் கை எப்படி என்று கேட்டாய். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வரியை நான் முழுங்கினேன்.

பெண் நத்தைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நீ பெருமையாக எழுதியிருந்தாயே, அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு அவர் அழுதார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை கடல் நன்றாக உள்வாங்கியிருந்தபோது ஒரு பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். பட்டறையிலிருந்து மணல் தொடங்கும் இடம்வரை எல்லாப் பாறையிலும் தேடினார். நானும் கூடப் போனேன். திரும்பி வந்து, ஸ்பிரிட் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். சீட்டை அவரே எழுதிப் போட்டார். "முதலாளி என்ன செய்வார் தெரியுமில்ல?" என்று கேட்டேன். "அவ கேட்டதுக்குப் பதில் இதானே" என்றார்.

அந்தப் பாட்டில் இதோடு வருகிறது. காலியாக இருக்கிறதே, வழியில் கொட்டிவிட்டதோ என்று நினைக்காதே. இதுதான் நம் கரைப் பாட்டில்.

அம்மா வீட்டிலிருந்து ஒரு கூடை நத்தையைக் கொண்டுவந்து இங்கே விட்டால் பிழைக்குமா?

அண்ணி

*

நவம்பர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

பாட்டில் வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஸ்பிரிட்டில் அந்தச் சீட்டு மட்டும் மிதந்தது. நம் கரை, தேதி, அதற்குக் கீழே கோணல் எழுத்தில் "தேடினேன், இல்லை". பென்சில். அது அழியாது. ஆய்வகத்தில் எல்லோரும் இருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் பாட்டில் பொய், இதுதான் மெய் என்று பெரிய மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு இரண்டு பேரை அனுப்பிப் பாறையைப் பார்த்தார்கள். அண்ணன் எழுதியதையே அவர்களும் எழுதினார்கள். பட்டறைக்கு அனுமதி கிடையாது. பெயர் இல்லாத டப்பாக்களுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். வீட்டு ஆட்களைச் சேகரிக்க விட்டது என் தப்பு என்றார் மேடம். அது நியாயம்தான். நியாயம் என்பதற்காக வலிக்காமல் இல்லை. முதலாளி அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டதை நினைத்தால் அதையும் பெரிதாகச் சொல்ல வாய் வரவில்லை.

கூடை நத்தை பற்றிக் கேட்டீர்கள். அடியில் படிந்த நஞ்சு போக வருஷங்கள் ஆகும். அதற்கு முன் விட்டால் அதுவும் சாகும். அவை தானாக வந்து சேரவும் முடியாது, யாராவது கையால் கொண்டுவந்தால்தான் உண்டு. அப்படிக் கொண்டுவந்தாலும் அவை வடக்குக் கரை நத்தைதான். நம் கரையினுடையது என் மேசைமேல் இருக்கும் பழைய பாட்டிலோடு சரி. அதன் பக்கத்தில் அண்ணன் அனுப்பியதையும் வைத்திருக்கிறேன்.

லீவு போட்டுவிட்டேன். அடுத்த வாரம் வருகிறேன். தோல் டாக்டரிடம் பேசியாயிற்று.

உங்களைச் சந்தேகப்பட்டதற்கு நான் வருத்தப்பட வேண்டுமா, கூடாதா என்று தெரியவில்லை. நேரில் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வோம். இனிமேல் எனக்கு நலம் என்று ஒரு வார்த்தையில் எழுதாதீர்கள். கை எப்படி என்று எழுதுங்கள்.

அன்பு நாத்தனார்

*

டிசம்பர் 18

அன்பு வாலுக்கு,

நீ வந்து போனபின் வீடு அமைதியாக இருக்கிறது. அதாவது அம்மா மட்டும் பேசுகிறாள். முதலாளி வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் நேரே இங்கே வந்துவிட்டோம். உன் அண்ணன் இந்த வயதில் வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டார். "மாமியாருக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் பட்டறையில கெடந்தேன்" என்கிறார். பகலெல்லாம் பாறையில் உட்கார்ந்து நத்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்து என்ன வேலை என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

வடக்குக் கரை நத்தை வடக்குக் கரை நத்தைதான் என்று எழுதியிருந்தாய். நானும் வடக்குக் கரையிலிருந்து உங்கள் கரைக்கு வந்தவள்தானே? ஒட்டிக்கொள்ளவில்லையா? தண்ணீர் சுத்தமாகட்டும், கூடையை நானே தூக்கிக்கொண்டு போகிறேன். அதுவரை உன் அண்ணன் இங்கே காவல் இருக்கட்டும்.

கேட்டதற்கு வருகிறேன். கொப்புளம் அடங்கிவிட்டது. உள்ளங்கையில் புதுத் தோல் வருகிறது, ரோஸ் நிறம். சுண்டுவிரல் இன்னும் மடங்கவில்லை. சோறு அவரே சாப்பிடுகிறார், பாதி கீழே போகிறது. களிம்பு வாசனை பிடிக்கவில்லை என்று முகத்தைச் சுளிக்கிறார்.

இன்று காலை சட்டைப் பொத்தான் மூன்றை அவரே போட்டுக்கொண்டார். நாலாவதற்கு என்னைக் கூப்பிட்டார். நிஜமாகவே முடியாமல்தான் கூப்பிட்டாரா, சும்மா கூப்பிட்டாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை. போய்ப் போட்டுவிட்டேன்.

அண்ணி